தட்டு தேய்ந்துவிட்டதா, இல்லை இதுதான் பாட்டா?

வளவுக்காரன் | வெள்ளி, இரவு 9.50

வணக்கம். இந்தப் பகுதியில் எம்.எஸ்.வி. தட்டு, எச்.எம்.வி. பெட்டி என்றுதான் பேச்சு போகும் என்று தெரியும். என் கேள்வி கொஞ்சம் கோணலானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனபிறகு, அப்பத்தாவுக்குத் துணையாக இங்கேயே வந்துவிட்டேன். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பச்சி மகன், "அண்ணே, இதைப் போட்டால் எங்கள் வீட்டில் சண்டை வருகிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாலு ரெக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் 'நாய்ஸ்', 'இண்டஸ்ட்ரியல்' என்கிற இரைச்சல் இசை: லண்டன் த்ராபிங் கிரிஸில் குழுவின் முதல் எல்.பி. (மறுபதிப்புதான், யாரும் ஆசைப்பட வேண்டாம்), ஜெர்மனிக்காரர்களின் 'கொலாப்ஸ்', அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் 'மெட்டல் மெஷின் மியூசிக்', ஜப்பான் மெர்ஸ்பவின் 'பல்ஸ் டீமன்'.

முதல் இரண்டும் பழகிவிட்டன. சிக்கல் மற்ற இரண்டில்தான். பல்ஸ் டீமனில் எந்தப் பக்கத்தைப் போட்டாலும் கர்ர்ர் என்று ஒரே காட்டிரைச்சல். இளையராஜா தட்டைப் போட்டால் ஒழுங்காகப் பாடுகிறது, ஆக ஊசியில் குறையில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தட்டில் கீறல் விழுந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? தேய்மானம் எது, இசை எது என்று பிரிப்பது எப்படி? லூ ரீட் தட்டில் இன்னொரு வேடிக்கை. நாலாவது பக்கம் முடிகிற இடத்தில் முள் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

அப்பத்தா கவனித்தார். "மோட்டார நிப்பாட்டுடா, தொட்டி நெறஞ்சு வழியப்போகுது" என்று சத்தம் போட்டார். நான் போன் மீட்டிங்கில் இருந்தேன். அவரே எழுந்துபோய் போர் சுவிட்சை அணைத்திருக்கிறார். அணைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. பயந்துபோய் மெயினையே இறக்கிவிட்டார்.

முனீஸ்வரன்தெரு | வெள்ளி, இரவு 10.05

பழைய கிராமபோன் பெட்டி ஏதாவது வீட்டில் கிடக்கிறதா? கொடுப்பதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்பவும்.

வளவுக்காரன் | வெள்ளி, இரவு 10.07

ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது ஒன்று இருக்கிறது. கொடுப்பதற்கில்லை.

மைக்செட்_தேவகோட்டை | வெள்ளி, இரவு 11.20

தம்பி, 1979 முதல் மைக்செட் வைத்திருந்தவன் நான். இந்தப் பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் தெரியும்.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. தட்டில் குறுக்காகக் கீறல் இருந்தால் ஊசி ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கடந்தாக வேண்டும். அதாவது 1.8 வினாடிக்கு ஒருமுறை 'டிக்'. எவ்வளவு இரைச்சலுக்குள்ளே இருந்தாலும் அந்த 'டிக்' தாளம் தவறாது. கையால் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். தாளத்தோடு வந்தால் கீறல். தாளமில்லாமல் வந்தால் ஜப்பான்காரர் வேலை, இல்லாவிட்டால் தூசி.

ஊசி தேய்ந்திருந்தால் அடையாளம் வேறு. வெளிவிளிம்பில் சுமாராக இருக்கும், உள்ளே லேபிளை நெருங்க நெருங்கக் கிழியும். ஏனென்றால் வெளிச்சுற்றில் பள்ளம் ஊசிக்கடியில் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, கடைசிச் சுற்றில் 20 சொச்சம்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். தேய்ந்த ஊசியால் அதைப் படிக்க முடியாது. ஊசி முனையில் பஞ்சு சேர்ந்தால் கிழியாது, மெதுவாக மழுங்கிக்கொண்டே வரும். பக்கம் தொடங்கும்போது பளிச்சென்றும் நடுவிலேயே கம்பளிக்குள் இருந்து கேட்பது போலவும் இருந்தால், முதலில் ஊசியைத் துடையுங்கள். பின்னாலிருந்து முன்னால் மட்டும். பக்கவாட்டில் தேய்த்து நான் உடைத்த ஊசிகளுக்குக் கணக்கில்லை.

லூ ரீட் தட்டில் மாட்டிக்கொண்டது பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் மைக் கூவும். அதைக் கூவவிடாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் எனக்கு இத்தனை வருடம் கூலி கொடுத்தார்கள். அந்தக் கூவலைத் தட்டில் அடித்து விற்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. தொழில் மாறிப்போய்விட்டேன்.

பள்ளத்தூர்_பிரளயம் | சனி, காலை 7.40

அண்ணே, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. அது மாட்டிக்கொள்ளவில்லை. மெட்டல் மெஷின் மியூசிக் 1975இல் வந்த இரட்டைத் தட்டு. நாலு பக்கம், ஒவ்வொன்றும் 16 நிமிடம் 1 வினாடி என்று அட்டையிலேயே போட்டிருக்கும். நாலாவது பக்கத்துக்கு மட்டும் அந்த எண்ணோடு முடிவிலிக் குறி. கடைசிப் பள்ளத்தைச் சுருளாக உள்ளே விடாமல் வட்டமாக மூடிவிட்டார்கள். ஆக 1.8 வினாடித் துண்டு ஒன்று, யாராவது எழுந்துபோய் முள்ளைத் தூக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் நிற்கும். உங்கள் அப்பத்தா மெயினை இறக்கினாரே, அந்தத் தட்டை முடித்துவைக்க அது முறையான வழிகளில் ஒன்றுதான்.

இந்த மூடிய பள்ளத்துக்கு (லாக் குரூவ் என்பார்கள்) ஒரு வம்சாவளி உண்டு. 1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற வானொலிக்காரர் ரயில் நிலையத்துக்குப் போய் என்ஜின் சத்தங்களைப் பிடித்துவந்தார். டேப் அவர் கைக்கு வராத காலம். தட்டில்தான் வெட்டினார். ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கப் பள்ளத்தை வட்டமாக மூடினார். அப்படிக் கேட்கும்போது "ரயில்" என்பது மனதிலிருந்து கழன்று வெறும் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது என்று கண்டுகொண்டார். மிச்சம் எல்லாம் அதன் பேரன் பேத்திகள். அமெரிக்காவில் லோவல் என்ற ஆலை ஊரில் ஆர்.ஆர்.ரெக்கார்ட்ஸ் என்றொரு கடையும் தட்டு வெளியிடும் லேபிளும் சேர்ந்து இருந்தது. அவர்கள் 1998இல் ஒரே எல்.பி.யில் 500 பேருடைய 500 மூடிய பள்ளங்களை வெட்டினார்கள். அதில் ஊசி தானாக நகராது. ஒவ்வொன்றுக்கும் நீங்களேதான் தூக்கி வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு மழைநாள் முழுக்க அதோடு உட்கார்ந்து 60ஐத் தாண்டினேன். கை வலி.

வளவுக்காரன், பல்ஸ் டீமனை எப்படிக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது 1996இல் சி.டி.க்காகச் செய்தது, 70 நிமிடத்துக்கு மேல். அதனால்தான் தட்டில் இரண்டாகப் பிரிந்து வந்திருக்கிறது. ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு பக்கம் போதும். முதல் மூன்று நான்கு நிமிடம் சுவர் மாதிரி இருக்கும். அடைமழையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மழை. கொஞ்சம் பொறுத்தால் ஓட்டில் விழுவது, தகரத்தில் விழுவது, வளவு முற்றத்து அண்டாவில் விழுவது என்று பிரியும். அப்புறம் அண்டா நிறைய நிறைய அதன் சுருதி மாறுவதும் கேட்கும். மெர்ஸ்பவ் அப்படித்தான். அடியில் ஒரு துடிப்பு ஓடும், நடுவில் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு குறுக்கே போகும், மேலே மணலை அள்ளிக் கொட்டுவது போல ஒன்று. மூன்றும் தனித்தனியாக வளரும், தேயும். பிரிந்து கேட்கத் தொடங்கிய பிறகு கீறல் எது என்ற கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

நாகஸ்வரப்பித்து | சனி, காலை 8.15

நாய்ஸ் என்ற சொல்லிலேயே நாய் இருக்கிறது, வேறென்ன சொல்ல.

கோபித்துக்கொள்ள வேண்டாம். அண்டா, மழை என்று எதை வேண்டுமானாலும் அழகாக எழுதிவிடலாம். மழையை யாரும் தட்டில் அடித்து ஆயிரக்கணக்கில் விலை வைக்கவில்லை. சுருதி கிடையாது, தாளம் கிடையாது, தப்பு என்று ஒன்று கிடையாது. தப்பே செய்ய முடியாத இடத்தில் சரி என்று ஒன்று எப்படி இருக்கும்? தட்டு தேய்ந்ததா என்று கேட்பவருக்கே தெரியவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தட்டு தேய்ந்திருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பள்ளத்தூர்_பிரளயம் | சனி, காலை 9.02

'தப்பே செய்ய முடியாத இடம்' என்பது நல்ல கேள்வி, அதற்கு இரவு வருகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும். கெட்டிமேளத்தை எதில் சேர்ப்பீர்கள்? தாலி ஏறும் நேரத்தில் தவிலும் நாகஸ்வரமும் ராகம் தாளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டி ஒரு நிமிடம் முழங்குகின்றன. எதற்கு? அந்த நேரத்தில் தும்மலோ அச்சானியமான ஒரு சொல்லோ காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்கு. மற்ற ஒலியையெல்லாம் மூடும் ஒலிச்சுவர். பிரான்சிலும் கனடாவிலும் இதையே மணிக்கணக்காக, ஏற்ற இறக்கமே இல்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வகைக்குப் பெயரே 'சுவர்' என்றுதான்.

முனீஸ்வரன்தெரு | சனி, காலை 9.10

கோயிலில் மேளக்காரருக்குப் பதிலாக மோட்டார் வைத்த முரசு மணி மெஷின் வந்திருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாராதனைக்கு சுவிட்சைப் போட்டால் டமடம டங்டங். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் ஒரு சுத்தியல் வளைந்துபோய் மணியில் படாமல் தகரத்தில் அடிக்கிறது. ஒரு வருடமாக அப்படித்தான். இப்போது சரிசெய்தால் சாமிக்கே வித்தியாசமாக இருக்கும்.

மைக்செட்_தேவகோட்டை | சனி, காலை 9.30

அந்த மெஷினை ரிப்பேர் பார்க்க என்னிடம் கொண்டுவருகிறார்கள் தம்பி. நான்தான் 'இண்டஸ்ட்ரியல்' கலைஞர் போலிருக்கிறது.

புதுவயல்_மில் | சனி, மதியம் 2.35

நேற்று இரவிலிருந்து படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா புதுவயலில் ரைஸ் மில்லில் 31 வருடம் மெஷின் பார்த்தவர். சொந்த மில் இல்லை, வேலைக்கு. அந்தக் காலத்து மில்லுக்கு ஒரே மோட்டார், நீளமான ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட். பெல்ட்டில் கொக்கி போட்டுத் தைத்த இடம் புல்லியில் ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மைக்செட் அண்ணன் சொன்ன கீறல் கணக்குதான். அப்பா அந்த 'டக்' நீளுவதை வைத்தே பெல்ட் தளர்ந்துவிட்டது என்பார். ஹல்லர், சல்லடை, எலிவேட்டர் எல்லாம் ஓடும்போது, வாசலில் சைக்கிளை நிறுத்தும் முன்பே எந்த பேரிங் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வெளியாளுக்கு அது வெறும் கர்ர்ர்.

இப்போது அவருக்கு இரண்டு காதும் கேட்காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரைதான் காது தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். அவர் காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. வைத்தால் மெஷின் பேசுவது கேட்காது என்பார்.

அதனால் 'இண்டஸ்ட்ரியல் மியூசிக்' என்று லண்டனில் நாலு பேர் பெயர் வைத்து விற்றார்கள் என்றால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எங்களுக்கு அது கூலிக்கு வாங்கிய சத்தம். நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். நாகஸ்வரப்பித்து சொல்வதோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. இரைச்சலில் தப்பு உண்டு. அப்பாவின் பிழைப்பே அந்தத் தப்பைக் கேட்பதுதான்.

பள்ளத்தூர்_பிரளயம் | சனி, இரவு 10.48

புதுவயல் அண்ணே, காலையில் நான் எழுத நினைத்த பதிலை நீங்கள் எனக்கு முன்னால், என்னைவிட நன்றாக எழுதிவிட்டீர்கள். உங்கள் கோபத்துக்கு மறுப்பு இல்லை. கொஞ்சம் பின்னணி மட்டும் சொல்கிறேன்.

அந்த லண்டன் நாலு பேர் (த்ராபிங் கிரிஸில்தான்) 1976இல் சொந்த லேபிளுக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தது ஆலையைப் புகழ்வதற்காக அல்ல. பாட்டு என்பதே ஆலைச் சரக்காகிவிட்டது, பிறகு ஏன் ஒளிக்க வேண்டும் என்ற குத்தல் அதில் உண்டு. 1977இல் வந்த முதல் எல்.பி.க்கு, கம்பெனி கணக்கறிக்கை போல 'இரண்டாவது ஆண்டறிக்கை' என்று தலைப்பு. அடித்தது 785 பிரதிகள். வெள்ளை அட்டை, ஒட்டிய தாள். நம் கடைகளில் ஆண்டுக்கணக்கை அச்சடித்துப் பங்காளிகளுக்குக் கொடுப்பது போலத்தான். அதற்கும் முன்னால் 1913இலேயே இத்தாலியில் லூய்ஜி ருசோலோ, இனி ஆலை, டிராம், கூட்டம் இவற்றின் இரைச்சலும் இசைக்கு வேண்டும் என்று அறிக்கை எழுதி, அதற்கென்று பெட்டி பெட்டியாகக் கருவிகளும் செய்தார். அவரும் ஆலையில் வேலை பார்த்தவர் இல்லை. நீங்கள் சொன்ன இடைவெளி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

ஜெர்மன்காரர்கள் கதை கொஞ்சம் வேறு. ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பவுட்டன் என்றால் 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்'. 1980இல் பெர்லினில் கையில் காசில்லாமல் தொடங்கியவர்கள். கிடைத்த இரும்புத் தகடு, டிரில் மெஷின், ஸ்பிரிங் இவைதான் வாத்தியம். முதல் வருடத்திலேயே நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்கூட்டுக்குள் நுழைந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். (அங்கே இடிவது புதுக்கட்டடம். நம் ஊரில் பழைய வீடு. தேக்குத்தூண் தனியாக, நிலைக்கதவு தனியாக, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு.)

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்த வகைக்குள் வதைமுகாம் படங்களையும் கொலைகாரர் பெயர்களையும் அட்டையில் போட்டு அதிர்ச்சியை விற்றவர்களும் உண்டு. இரைச்சல் என்றால் எதையும் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொள்பவர்கள். அவர்கள் தட்டுகளை நான் வாங்குவதில்லை. யாராவது ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

முனீஸ்வரன்தெரு | சனி, இரவு 11.15

தூண் தனியாக விற்றால்தான் அது பிழைக்கும் அக்கா, வீட்டோடு விட்டால் கரையான் தின்னும். அது கிடக்கட்டும். மெர்ஸ்பவ் என்றால் என்ன அர்த்தம்?

பள்ளத்தூர்_பிரளயம் | சனி, இரவு 11.31

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான பெயர்தான். கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மன் ஓவியர் டிக்கெட் துண்டு, உடைந்த பலகை, கம்பி என்று குப்பையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் படம் செய்தார். அப்படி ஒட்டிய ஒன்றில் 'கொமர்ஸ்' வங்கி விளம்பரத்தின் கிழிந்த பகுதி. அதில் மிஞ்சிய எழுத்து 'மெர்ஸ்'. அதையே தன் கலைக்குப் பெயராக்கிக்கொண்டார். ஹனோவரில் தன் வீட்டு அறைகளையே இப்படித் துண்டுதுண்டாகக் கட்டி நிரப்பினார். அதுதான் மெர்ஸ்பவ், மெர்ஸ் கட்டடம். 1943இல் குண்டு விழுந்து போய்விட்டது. 1979இல் டோக்கியோவில் மசாமி அகிடா தன் ஒலிக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்.

வங்கி என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறது. ஜப்பானில் இன்கபாசிடன்ட்ஸ் என்ற இருவர் குழு. மேடையில் மேஜை நிறைய ஒலியைத் திரிக்கும் பெடல்களோடு, மைக் கூவக் கூவ, காய்ச்சல் கண்டவர்கள் போல உடல் உதற நிற்பார்கள். அதில் தோஷிஜி மிகாவா வங்கி ஊழியராக இருந்தவர், இன்னொருவர் அரசு அலுவலகத்தில். பகலில் பேரேடு, இரவில் பிரளயம். செட்டிநாட்டில் பிறந்த எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மின்வேதி | ஞாயிறு, காலை 6.55

காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) படித்தவன் நான். மின்முலாம்தான் பாடம். நீங்கள் எல்லோரும் தட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது பிறப்பது எங்கள் தொட்டியில் என்பதை யாரும் சொல்லவில்லை.

அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் (ஒருவகை வார்னிஷ்) பூசி, அதில் வெட்டும் ஊசி பள்ளம் போடும். லாக்கரில் மின்சாரம் பாயாது. எனவே மேலே மெல்லிய வெள்ளிப் படலம் தெளிப்பார்கள். பிறகு நிக்கல் தொட்டியில் இறக்கினால், பள்ளத்தின் ஒவ்வொரு நெளிவிலும் நிக்கல் படிந்து கெட்டியாகும். உரித்தெடுத்தால் பள்ளம் இருந்த இடத்தில் மேடு. அது 'தந்தை'. அதன்மேல் மறுபடி நிக்கல் வளர்த்து உரித்தால் 'தாய்', பள்ளம் பள்ளமாகவே இருக்கும், போட்டுக் கேட்கலாம். தாயிலிருந்து மறுபடி ஒரு மேடு. அதுதான் பி.வி.சி.யை அழுத்தும் அச்சு. ஓர் அச்சு சுமார் ஆயிரம் தட்டு அழுத்தும், பிறகு கூர்மை போகும். ஆத்தங்குடித் தரைக்கல் கண்ணாடி மேல் வார்க்கப்பட்டு அதன் வழவழப்பை வாங்கிக்கொள்கிறதே, அதே தத்துவம்தான். அங்கே கண்ணாடி, இங்கே நிக்கல்.

இப்போது இரைச்சலுக்கு வருகிறேன். தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்தும் மேல்தொனியை ஏற்றியும் வெட்டுவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் திருப்பிப் போடும். 1954 முதல் இதற்கு ஒரு பொது அளவு உண்டு. 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் அருகே ஏற்றம் சுமார் 20 டெசிபல். சாதாரணப் பாட்டில் அந்த உயரத்தில் அதிகம் இருக்காது, ஜல்ராவும் 'ஸ்' எழுத்தும்தான். மெர்ஸ்பவிடம் முழுக்க அதுதான். வெட்டும் தலையில் உள்ள கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். அதனால் பொறியாளர் ஒட்டுமொத்த அளவையே இறக்கி வெட்ட வேண்டியிருக்கும். ஆக, உலகத்திலேயே உரத்த இசை என்று சொல்லப்படுவது, தட்டில் பல சமயம் பக்திப் பாட்டைவிட மெலிதாகத்தான் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் வால்யூமைத் திருகி ஏற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

அடித்தொனியும் அப்படியே. இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் எதிரெதிராகப் போனால் ஊசி மேலும் கீழும் குதிக்கும், பள்ளத்தை விட்டே வெளியேறும். அதனால் அடியை நடுவில் சேர்த்துவிடுவார்கள். இதையெல்லாம் மீறாமல் ஒரு இரைச்சல் தட்டு வெட்ட முடிந்தவர் கைதேர்ந்தவர். நாகஸ்வரப்பித்து கேட்ட 'தப்பு' இங்கேயும் இருக்கிறது.

நாகஸ்வரப்பித்து | ஞாயிறு, காலை 7.30

வெட்டுபவரின் திறமையை ஒப்புக்கொள்கிறேன். வாசித்தவரைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். ஆனால் மில் அண்ணன் அப்பாவைப் பற்றி எழுதியதை இரண்டுமுறை படித்தேன்.

மைக்செட்_தேவகோட்டை | ஞாயிறு, காலை 10.10

இளையவர்களுக்கு ஒரு ஞாபகம். ஏவி.எம். மெய்யப்பர் சினிமாவுக்கு வரும் முன் தட்டுக்காரர்தான். காரைக்குடியில் கடையில் ரெக்கார்டு விற்று, பிறகு மெட்ராசில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஒடியன் தட்டுகளைக் கொண்டுவந்தார். இந்த ஊருக்குத் தட்டு புதிதில்லை.

அப்புறம் பராமரிப்பு. வளவுக்காரன் வீட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் கிடந்தால் அவற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் கரையும். அதேபோல் அந்த ரங்கூன் பெட்டியில் எல்.பி.யை வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் ஆசைப்படக் கூடாது. இன்றைய ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம் அளவில். பெட்டியின் தலை நூறு கிராமுக்கு மேல், அடியில் இரும்பு ஊசி. ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

வெயிலில் தட்டைக் காரில் விடாதீர்கள். சித்திரையில் மூடிய காருக்குள் 60 டிகிரி தாண்டும், தட்டு அப்பளமாகிவிடும். படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள்.

மின்வேதி | ஞாயிறு, காலை 10.22

வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து வந்த தட்டு எனக்கு அப்பளமாகவேதான் வந்தது. ஊசி படகு மாதிரி ஏறி இறங்குகிறது. பாட்டுத் தட்டாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இதில் அது ஒரு கூடுதல் அலை மாதிரி ஆகிவிட்டது. அதே தட்டின் நெளியாத பிரதியை வேறொருவரிடம் போட்டுக் கேட்டேன், எனக்கு என் அப்பளம்தான் பிடித்திருக்கிறது.

பள்ளத்தூர்_பிரளயம் | ஞாயிறு, மதியம் 12.04

அதற்கும் முன்னோடி உண்டு. கிறிஸ்டியன் மார்க்லே 1985இல் அட்டையே இல்லாமல் ஒரு தட்டு வெளியிட்டார். உறை போட்டு வைக்கக் கூடாது என்று தட்டிலேயே எழுதியிருக்கும். கடையில், பையில், அலமாரியில் விழுகிற ஒவ்வொரு கீறலும் அதில் சேர்ந்துகொள்ளும். ஆக எந்த இரண்டு பிரதியும் ஒன்றில்லை. 'தட்டு தேய்ந்ததா, இதுதான் பாட்டா' என்ற கேள்விக்கு அவர் பதில் 'ஆமாம்'.

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. சோதனை அறிக்கை இது.

முதலில் தொடைத்தாளம். பல்ஸ் டீமன் மூன்றாம் பக்கத்தில் தொடக்கத்திலிருந்து கொஞ்ச தூரம் 1.8 வினாடிக்கு ஒரு 'டிக்' இருக்கிறது. தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன், மயிரிழைக் கீறல். இத்தனை நாளும் இசை என்று நினைத்திருக்கிறேன். மற்ற பக்கங்கள் சுத்தம். ஊசியில் பஞ்சு இருந்தது, முன்பக்கமாகத் துடைத்தேன்.

அடுத்தது இடம். இதுவரை வளவில் வைத்துக் கேட்டேன். கல்தூண், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கிற சங்கதிகள். மேல்தொனி முழுக்க ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடுகிறது. அம்மாவின் சீர்சாமான் அடுக்கியிருக்கும் இரண்டாம் கட்டு அறைக்கு மாற்றினேன். பழைய மெத்தைகளும் அங்கேதான் கிடக்கின்றன. இரைச்சல் மூன்று அடுக்காகப் பிரிந்து கேட்டது. அக்கா சொன்ன ஊளையும் கேட்டது.

ஆனால் நாலாவதாக ஒரு அடுக்கும் இருந்தது, கண்ணாடி நொறுங்குவது போல. அரை மணி நேரம் வியந்து கேட்டபிறகு தெரிந்தது, அலமாரியில் எனாமல் கிண்ணங்கள் அதிர்கின்றன. எடுத்து வெளியே வைத்தேன். தட்டு கொஞ்சம் வெறிச்சென்று ஆகிவிட்டது. பாதியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

புதுவயல்_மில் | ஞாயிறு, இரவு 9.40

எங்கே வைத்துக் கேட்டாலும் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள் தம்பி. நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இந்த இழையைப் பற்றி எழுதிக் காட்டினேன். ஸ்பீக்கர் மேல் கையை வைத்தால் அவருக்குத் தெரியும் என்கிறார். ஒருநாள் அழைத்துவரலாமா?

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 9.42

தாராளமாக. அடுத்த ஞாயிறு வாருங்கள், மதியச் சாப்பாடு இங்கேதான்.

வளவுக்காரன் | செவ்வாய், மாலை 5.30

ஒரு சின்ன விபத்து. காலையில் மெட்டல் மெஷின் மியூசிக் நாலாவது பக்கத்தைப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். 16 நிமிடம் முடிந்து மூடிய பள்ளத்தில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பதினோரு மணிவாக்கில் அப்பத்தா வந்து, "டேய், மோட்டார் ஓடுதுடா" என்றார்.

"அது தட்டு அப்பத்தா. அன்னிக்கு மாதிரிதான். முடியவே முடியாது."

"தட்டு வேற, இது வேற. தட்டு டக்குடக்குனு வட்டம் போடும். இது இழுத்துக்கிட்டே போகுது பாரு."

நான் சிரித்துக்கொண்டே மீட்டிங்கைத் தொடர்ந்தேன். அவர் சுவிட்ச் பக்கம் போகவில்லை. போனமுறை மெயினை இறக்கியதற்கு நான் சலித்துக்கொண்டது நினைவில் இருந்திருக்கும்.

ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்து முள்ளைத் தூக்கினேன். சத்தம் நிற்கவில்லை. மாடித் தொட்டி வழிந்து, கூரைத் தகரவாய் வழியாக நாலு மூலையிலும் வளவு முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பத்தா அண்டா, குடம், எனாமல் சட்டி எல்லாவற்றையும் வரிசையாக அடியில் பிடித்துவைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

புதுவயல்_மில் | செவ்வாய், மாலை 5.41

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பாவை உங்கள் அப்பத்தா பக்கத்தில் உட்காரவைத்துவிடுங்கள்.

மைக்செட்_தேவகோட்டை | செவ்வாய், மாலை 5.58

அந்த அண்டாச் சத்தத்தைப் பதிவு செய்தீர்களா?

வளவுக்காரன் | செவ்வாய், மாலை 6.03

இல்லை அண்ணே. துடைப்பமும் கையுமாக இருந்தேன்.